ஸ்டில்லுக்குத் தமிழில் வாலை

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் ஆய்வகத்தில், ஜன்னலோரம் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவை இருக்கும். அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் 'வாலை வடிநீர்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். வடிநீர் புரிந்தது, வாலை புரியவில்லை. ஆசிரியரிடம் கேட்டேன். "டிஸ்டில்ட் வாட்டர்தான், போய்ப் பியூரெட்டைக் கழுவு" என்றார். வாலாஜா மாதிரி அதுவும் ஏதோ ஊர்ப் பெயர், அங்கிருந்து வருகிற தண்ணீர் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாலை என்பது ஊர் அல்ல, பாண்டம். ஒரு நீர்மத்தைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரச்செய்து, மறுபடி நீர்மமாக வேறொரு கலத்தில் பிடிப்பதற்கான அமைப்பு. ஆங்கிலத்தில் ஸ்டில் என்கிறார்களே, அதேதான். அதில் இறக்கிய நீர் வாலை வடிநீர். அந்தச் செயல் வாலை வடித்தல். பெட்ரோலியத்தைப் பிரிக்கும் பாடத்தில் 'பின்ன வாலை வடித்தல்' என்று படித்தவர்கள் இருப்பார்கள். இப்போது 'காய்ச்சி வடித்தல்' என்ற தொடர் பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. செயலுக்கு அது போதும், கருவிக்குப் போதாது. நாளிதழில் வரும் செய்தியைப் பாருங்கள்: 'சாராயம் காய்ச்சப் பயன்படுத்திய பொருட்களைப் போலீசார் பறிமுதல் செய்தனர்.' பானை, குழாய், குடம் எல்லாம் படத்தில் தெரிகின்றன. அவை சேர்ந்து என்ன கருவியோ, அதற்கு மட்டும் பெயர் இல்லை.

ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதிவிடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். தமிழில் ஸ்டில் என்றால் சினிமாப் படம். 'படத்தின் ஸ்டில்கள் வெளியாகின' என்று ஐம்பது வருடமாக எழுதிவருகிறோம். ஆங்கிலத்திலேயே இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். சினிமா ஸ்டில், அசைவின்மையைக் குறிக்கும் சொல். வடிக்கும் ஸ்டில், டிஸ்டில் என்ற வினையின் தலையை வெட்டிச் செய்தது. அதன் மூலம் லத்தீனில் உள்ள 'ஸ்டில்லா', அதாவது துளி. 'டெஸ்டில்லாரே' என்றால் துளித்துளியாகக் கீழே சொட்டுதல்.

லத்தீன்காரருக்குக் கண்ணில் பட்டது குழாய் முனையில் சொட்டும் துளி. அரபிக்காரருக்குப் பட்டது வேறு. இட்லிப் பானையின் மூடியைத் திறந்து தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர் அரும்பியிருக்கும். அதை அவர்கள் 'அரக்' என்றார்கள், வியர்வை என்று பொருள். பாத்திரம் வியர்க்கிறது! கப்பலேறி உலகம் சுற்றிய அந்தச் சொல்தான் கடைசியில் ஆங்கிலத்தில் 'அராக்' ஆகியது. கோவாவில் முந்திரிப்பழச் சாற்றின் முதல் வடிப்புக்கு 'உர்ராக்' என்று பெயர். அதை மேலும் வடித்தால் ஃபெனி. இலங்கையில் தென்னங்கள்ளை வடித்த சாராயமும் இதே குடும்பப் பெயரில்தான் ஏற்றுமதியாகிறது. யுனானி மருந்துக் கடையில் புட்டி புட்டியாக இருக்கும் 'அர்க்' வகைகளும் அதே சொல்தான். சோம்பில் இறக்கிய நீருக்கும் சாராயத்துக்கும் அரபியில் ஒரே பெயர்.

கருவிக்கும் அரபியிடம் ஒரு பெயர் உண்டு: 'அல்-அன்பீக்'. கிரேக்கத்தில் கிண்ணத்தைக் குறித்த 'அம்பிக்ஸ்' என்ற சொல்லோடு அரபிச் சுட்டு 'அல்' ஒட்டிக்கொண்டது. ஐரோப்பாவுக்குப் போய் 'அலெம்பிக்' ஆனது. ஆல்கஹாலும் இப்படிப் போனதுதான். கண்ணுக்கு இடும் மைக்கான 'அல்-குஹ்ல்' முதலில் மிக நுண்ணிய பொடியைக் குறித்து, பிறகு எதன் சாரத்தையும் குறித்து, கடைசியில் திராட்சை மதுவின் சாரத்தில் வந்து நின்றது.

சரி, தமிழனுக்கு என்ன தெரிந்தது? அந்த மூடியின் உட்புறத்தில் அவன் பார்த்தது பனி. கல்யாண வாசலில் தெளிக்கிறோமே பன்னீர், அது பனிநீர். ரோஜா இதழைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து எடுத்த நீருக்கு அந்தப் பெயர். மலையாளத்தில் இன்றைக்கும் பனிநீர் என்றே சொல்கிறார்கள். இவற்றில் எனக்குப் பிடித்தது பனிதான். ஆவி குளிர்ந்து துளியாவதைச் சொல்ல விடிகாலைப் புல்லைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது?

வாலையைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் சித்த மருத்துவர்கள். உள்மருந்துகள் முப்பத்திரண்டு என்று அவர்கள் வகுத்திருப்பதில் ஒன்று தீநீர். மருந்துச் சரக்கை நீரில் ஊறப்போட்டு வாலையில் இறக்குவது தீநீர். கொதிக்கவைத்து வற்றச்செய்து வடிகட்டுவது குடிநீர், அதாவது கஷாயம். குழந்தை வயிறு உப்பினால் பாட்டி தேடும் ஓமவாட்டர் வேறொன்றுமில்லை, ஓமத் தீநீர். இலிங்கம் என்னும் கனிமத்திலிருந்து பாதரசத்தை ஆவியாக்கிப் பிடித்தால் அதற்கு வாலை ரசம் என்று பெயர். பாதரசம் கொதிக்க ஏறத்தாழ 357 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஓமத்துக்கு மூட்டிய அடுப்பு அதற்குப் போதாது, அந்த நச்சு ஆவியோடு விளையாடவும் கூடாது.

அந்த வாலை எப்படி இருக்கும்? கீழே வயிறு பெருத்த பானை. அதன் வாயில் கச்சிதமாக உட்காரும் குவிந்த மூடி. மூடியின் உட்புற விளிம்பைச் சுற்றி ஒரு வாய்க்கால், அதிலிருந்து வெளியே நீளும் ஒரு மூக்கு. மூடியின் தலையில் கிண்ணம்போல ஒரு தொட்டி, அதில் குளிர்ந்த நீர். ஆவி ஏறி, குளிர்ந்த கூரையில் பட்டு, பனித்து, சரிந்து, வாய்க்காலில் விழுந்து, மூக்கு வழியாகச் சொட்டும். மேல்நீர் சுட்டதும் மாற்றவேண்டும். மறந்தால் ஆவி குளிராமல் மூக்கு வழியாகப் புகையாகவே போய்விடும். பானையும் மூடியும் சேரும் இடத்தில் துணியை மண்குழம்பில் தோய்த்துச் சுற்றுவார்கள். அதற்குச் சீலைமண் என்று பெயர். இன்று ரப்பர் வளையமும் ஒட்டுநாடாவும் செய்கிற வேலையைப் பழஞ்சேலைக் கிழிசல் செய்திருக்கிறது.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். வாலை என்றதும் சித்தர் பாடல் படித்தவர்களுக்கு வாலைப்பெண் நினைவுக்கு வருவாள். கொங்கணர் பெயரில் வழங்கும் வாலைக்கும்மியே இருக்கிறது. அந்த வாலை, பாலா என்ற வடசொல்லின் தமிழ் வடிவம், இளம்பெண், தேவி. பானைக்கும் அவளுக்கும் உறவில்லை. மணலைக் குறிக்கும் வாலுகையை வைத்து 'வாலுகா யந்திரம்' என்று ஒன்றும் உண்டு. அது மணலைச் சூடாக்கி அதற்குள் மருந்துக் குப்பியைப் புதைக்கும் முறை, வடிப்பதல்ல. ஒலி ஒத்திருப்பதால் இந்த மூன்றையும் குழப்பி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம் 'வால்' என்று ஒரு பழந்தமிழ்ச் சொல் இருக்கிறது. வெண்மை, தூய்மை என்று பொருள். குறளின் இரண்டாம் பாட்டிலேயே வாலறிவன் வந்துவிடுகிறான், தூய அறிவினன். தூய்மையின்மைக்கு வாலாமை என்பார்கள். கலங்கிய நீரைத் தெளிந்த நீராக்கும் பாண்டத்துக்கு இந்த வாலிலிருந்து பெயர் வந்திருந்தால் எவ்வளவு அழகு! அழகாக இருப்பதாலேயே நான் அதன் மேல் பந்தயம் கட்டமாட்டேன். ஒலி ஒற்றுமையை வேர் என்று அடித்துச் சொல்லிச் சொல்லித்தான் தமிழ்ச் சொல்லாராய்ச்சி பாதி கெட்டது.

இனி சாராயம். சங்கப் பாட்டில் கள் உண்டு, நறவு உண்டு, தோப்பி உண்டு, யவனர் கொண்டுவந்த தண்கமழ் தேறல் உண்டு. எல்லாம் புளித்தவை, வாலை ஏறியவை அல்ல. தனித்தமிழ் ஆர்வத்தில் விஸ்கியைத் தேறல் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். தேறல், கசடு அடியில் படிய மேலே தெளிந்த கள். அதில் நெருப்புக்கு வேலை இல்லை. கூடவே இன்னொன்று: கள்ளச்சாராயத்தில் இருப்பது கள்ளம், கள் அல்ல.

சாராயக்காரர்களின் பேச்சில் வாலை இல்லை. அவர்கள் காய்ச்சுகிறார்கள். பாலைக் காய்ச்சுவது, கஞ்சி காய்ச்சுவது போல, அடுப்பிலிருக்கும் பாதி வேலையை மட்டும் சொல்லும் வினை. ஆனால் மற்றவற்றுக்கு நல்ல சொற்கள் வைத்திருக்கிறார்கள். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் கரைத்துப் புளிக்கப்போட்டது ஊறல். 'கல்வராயன் மலையில் ஊறல் அழிப்பு' என்று மாதம் ஒரு செய்தியாவது வரும். பட்டைச் சாராயம் என்ற பெயர் அந்த வேலம்பட்டையால் வந்தது. இலங்கைத் தமிழ் நாளிதழில் இதே ஊறல் 'கோடா' ஆகிவிடும், இறக்கிய சரக்கு 'கசிப்பு' ஆகிவிடும்.

ஊறலை ஏன் வாலையில் ஏற்ற வேண்டும்? ஊறலைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரால் ஓரளவுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. தான் உண்டாக்கிய ஆல்கஹாலிலேயே அது அடங்கிவிடும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், நீர் 100-இல். சூடாக்கினால் எழும் ஆவியில் எத்தனாலின் பங்கு கூடுதல். ஒரே தடவையில் சுத்தமாகப் பிரிந்துவிடாது. திரும்பத் திரும்ப ஏற்றவேண்டும். எத்தனை முறை ஏற்றினாலும் எடையில் 95.6 சதவீதத்தோடு சாதாரண வடிப்பு நின்றுவிடும். மிச்ச நீர் எத்தனாலோடு சேர்ந்தே ஆவியாகும். நாளிதழ் எரிசாராயம் என்று சொல்வது இந்த எல்லையை நெருங்கியதைத்தான்.

நியூசிலாந்தில் 1996 முதல் சொந்தக் குடிப்புக்கு வீட்டிலேயே வடிப்பது குற்றமில்லை. விற்றால்தான் குற்றம். அங்கே வாலை ஒரு பொழுதுபோக்கு. மாட்டுவண்டியை ஜோடிப்பதுபோல அதை மாற்றி மாற்றி அமைக்கிறார்கள். அவர்கள் பேசும் வகைகளைத் தமிழில் சொல்வது சிரமமே இல்லை. வெறும் பானையும் குழாயும் இருந்தால் பானை வாலை. பானைக்கு மேல் உயரக் குழாய் நிறுத்தி, அதற்குள் செப்புக் கம்பிவலையை அடைத்தால் தூண் வாலை. ஏறும் ஆவி வலையில் பட்டுக் குளிர்ந்து, கீழே ஒழுகி, மறுபடி ஆவியாகி ஏறும். பல தடவை வடிக்கும் வேலை ஒரே தூணுக்குள் நடந்துவிடும். இதை ஆலை அளவில் செய்து 1830-இல் காப்புரிமை பெற்ற ஈனியாஸ் காஃபி அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். கள்ள வாலைகளைத் தேடிப்பிடித்த மனிதர் கடைசியில் தன் பெயரிலேயே ஒரு வாலையை விட்டுப்போனார்.

செம்பு ஆடம்பரத்துக்கு அல்ல. புளிப்பில் உண்டாகும் கந்தக நாற்றத்தைச் செம்பு பிடித்துக்கொள்ளும். கண்டதை வைத்து ஒட்டுப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கத் தென் மாநிலங்களில் கதை உண்டு. பழைய கார் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் சுருளாக வைத்தார்கள். அதன் பற்றவைப்பில் இருந்த ஈயம் சாராயத்தோடு இறங்கி, குடித்தவர்களின் ரத்தத்தில் ஏறியது. மூடிய அறையில் எத்தனால் ஆவி கசிந்தால் அடுப்புச் சுடர் ஒன்றே போதும் தீப்பிடிக்க.

தமிழ்நாட்டில் இதை யாரும் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள முடியாது. 1937 அக்டோபர் 1-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கிய காலத்துச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அதன்படி வடிப்பது மட்டுமல்ல, வடிக்கும் எண்ணத்தோடு வாலையை வைத்திருப்பதும் குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததற்கு வாலையின் மேல் பழி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களைக் கொன்றது மெத்தனால், அது ஊறலில் விளைந்ததல்ல. ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் சாராயத்தில் கலந்தது.

மாற்றுச் சொற்களாக வடிகலன், வடிப்பான் என்றெல்லாம் எழுதிப் பார்க்கிறார்கள். வடிப்பான் என்றால் எனக்குத் தேநீர் வடிகட்டிதான் தெரிகிறது. வடிப்பது வேறு, வடிகட்டுவது வேறு என்று பள்ளியில் படாதபாடு பட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கருவிப் பெயரில் மறுபடி ஏன் குழப்பவேண்டும்? வடிசாலை, வடிப்பாலை என்பவை கட்டடத்துக்குப் பொருந்தும். அங்கே உள்ளே நிற்கும் செப்புப் பாண்டம் வாலை. குளிர்விக்கும் பகுதிக்கு இலங்கைப் பாடநூல்கள் ஒடுக்கி என்கின்றன. அதுவும் சின்னதாக, நன்றாகத்தான் இருக்கிறது. முதலில் சொட்டி, கொட்டிவிட வேண்டிய பகுதியை முதல் வடி என்றும், வைத்துக்கொள்ளும் பகுதியை நடு வடி என்றும், நாற்றத்தோடு வரும் கடைசியைக் கடை வடி என்றும் சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

போன வாரம் வீட்டு இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் வாங்கக் கடைக்குப் போனேன். "வாலை வடிநீர் ஐந்து லிட்டர்" என்றேன். கடைக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ரோஸ் வாட்டர் எங்களிடம் இல்லை சார்" என்றார். அதுவும் வாலையில் இறக்கியதுதான். முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியவில்லை.