எலக்ட்ரிக் பிக்கப் வாங்கலாமா? தொட்டியில் ஏற்றுவீர்களா, பின்னால் இழுப்பீர்களா என்று முதலில் சொல்லுங்கள்

வண்டி வாங்கும் முன் பார்த்து ஆலோசனை சொல்வதும், வாங்கிய பிறகு பராமரித்துக் கொடுப்பதும்தான் என் தொழில். சமீப காலமாக என்னிடம் அதிகம் வரும் கேள்வி, "எலக்ட்ரிக் பிக்கப் எடுக்கலாமா?" என்பது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் கையோடு "ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?" என்றும் கேட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்று உண்டு: தொட்டியில், அதாவது வண்டியின் பின்னால் திறந்திருக்கும் பகுதியில் லோடு ஏற்றப் போகிறீர்களா, இல்லை டிரெய்லர் மாட்டி இழுக்கப் போகிறீர்களா? கேட்க இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் எலக்ட்ரிக் வண்டியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதலில் தொட்டி. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2023-இல் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பிக்கப்பில் ஏறக்குறைய 635 கிலோ மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதித்துப் பார்த்தது. காலியாக 278 மைல், அதாவது சுமார் 447 கிலோமீட்டர் ஓடிய வண்டி, லோடோடு 210 மைல் ஓடியது. ஏறக்குறைய கால்வாசி ரேஞ்ச் போனது. இத்தனைக்கும் அது அந்த வண்டி தாங்கக்கூடிய எடைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அரை லோடு, கால் லோடு ஏற்றி ஊருக்குள் சுற்றுகிறவருக்கு இவ்வளவு இழப்பு வராது. பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி பேட்டரிக்கே அனுப்பிவிடும், எடை கூடினால் திரும்பி வருவதும் கூடும். நின்று நின்று போகும் ஓட்டத்தில் இது பெரிய உதவி.

இப்போது டிரெய்லர். உயரமான பெட்டி வடிவ டிரெய்லரையோ கேரவனையோ மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனால் ரேஞ்ச் பாதியாகிவிடும், சில நேரம் அதற்கும் கீழே போகும். காரணம் எடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் பெரும் எதிரி காற்று. வேகம் கூடக் கூடக் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும், அதாவது வேகம் இரட்டிப்பானால் தடை நான்கு மடங்கு. 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 110-க்குப் போனால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ள ஆகும் ஆற்றல் ஏறக்குறைய 90 சதவீதம் கூடிவிடும். அதில் ஒரு சுவரைப் பின்னால் கட்டி இழுத்தால் என்ன ஆகும்? பிரேக்கில் திருப்பிப் பிடிக்கலாம் என்றால், காற்றைத் தள்ளச் செலவானது செலவானதுதான், அதில் ஒரு துளி கூடத் திரும்பாது. அதனால்தான் அதே எடையைத் தாழ்வான, தட்டையான டிரெய்லரில் வைத்து மெதுவாக இழுத்தால் வண்டி நன்றாகவே போகிறது, இலேசான ஆனால் உயரமான பெட்டியை வேகமாக இழுத்தால் பேட்டரி கரைகிறது.

"டீசல் வண்டிக்கும்தானே மைலேஜ் குறையும்?" என்பார்கள். குறையும்தான். ஆனால் அங்கே ஐந்து நிமிடத்தில் டேங்க்கை நிரப்பிவிட்டுக் கிளம்பிவிடலாம். எலக்ட்ரிக்கில் நெடும்பயணக் கணக்கு வேறு மாதிரி. லைட்னிங்கின் பெரிய பேட்டரி வகைக்கு அறிவித்த ரேஞ்ச் 320 மைல், சுமார் 515 கிலோமீட்டர். டிரெய்லரோடு அது 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து கிளம்பும் முதல் ஓட்டத்துக்கு மட்டும்தான் அந்த 250 கிடைக்கும். வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் யாரும் 100 சதவீதம் வரை நிற்பதில்லை, 80-க்கு மேல் பேட்டரி மின்சாரத்தை வாங்கும் வேகம் சட்டென்று விழுந்துவிடும். 15-இலிருந்து 80 வரை என்றால் கையில் கிடைப்பது 65 சதவீதம், அதாவது சுமார் 160 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் ஓட்டம், முக்கால் மணி நேரம் சார்ஜ், மறுபடி ஒன்றரை மணி நேரம் ஓட்டம். பெரும்பாலான சார்ஜிங் இடங்கள் காருக்காகப் போடப்பட்டவை, டிரெய்லரோடு உள்ளே நுழைய முடியாது, எங்காவது ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு சார்ஜ் போட்டுத் திரும்பி வந்து மாட்ட வேண்டும். குழந்தைகளோடு, மழையில், இருட்டில் இதைச் செய்வது எவ்வளவு அலுப்பு என்று வாங்கியவர்கள் வந்து சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். விற்பவர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வேறு இரண்டு எலக்ட்ரிக் பிக்கப்களான ரிவியன் ஆர்1டி-யும் டெஸ்லா சைபர்டிரக்கும் 11,000 பவுண்டு, கிட்டத்தட்ட 5 டன் இழுக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. பொய் இல்லை, இழுக்கும், அதுவும் டீசலைவிட நோகாமல் இழுக்கும். எவ்வளவு தூரம் என்பதுதான் அந்தக் காகிதத்தில் இருக்காது.

சரி, அப்படியானால் யாருக்குத்தான் இது பொருந்தும்? என் அனுபவத்தில், பிக்கப் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்றே சொல்வேன். ஸ்ட்ராடஜிக் விஷன் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் அமெரிக்க பிக்கப் உரிமையாளர்களிடம் கேட்டு 2019-இல் வெளிவந்த தகவலின்படி, நான்கில் மூன்று பேர் வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோதான் எதையாவது இழுக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேற்பட்டவர்கள் தொட்டியில் லோடு ஏற்றுவதும் அப்படித்தான். என்னிடம் வருகிறவர்களிடமும் நான் பார்ப்பது இதுதான்: வேலைக்குப் போவது, பள்ளிக்கூடம், கடை, வார இறுதியில் கொஞ்சம் சாமான். வருடத்தில் ஒரு நாள் வரும் பயணத்துக்காக மீதி நாள் முழுக்கத் தேவையில்லாத பேட்டரியைச் சுமந்து திரிவதற்குப் பதிலாக, அந்த ஒரு நாளைக்கு வேறு வண்டி வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே.

தினசரி ஓட்டத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த அளவு வண்டி 100 கிலோமீட்டருக்குச் சுமார் 30 யூனிட் எடுக்கும். ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓடினால் 18 யூனிட். வீட்டில் 7 கிலோவாட் சார்ஜர் இருந்தால் இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும், சாதாரண பிளக் பாயின்ட்டில் போட்டால்கூட ஓர் இரவில் ஏறிவிடும். லைட்னிங்கின் 131 யூனிட் பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப வீட்டில் 20 மணி நேரம் ஆகும் என்று பயமுறுத்துவார்கள். ஆகும்தான், ஆனால் தினமும் யார் அதைக் காலியாக்குகிறார்கள்? இரவில் வண்டி எங்கே நிற்கும், அங்கே மின்சாரம் உண்டா, இதைத்தான் நான் ரேஞ்சுக்கு முன்னால் கேட்பேன். அடுக்குமாடியில் பொது இடத்தில் நிறுத்துகிறவர், ஒவ்வொரு முறையும் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரை நம்பியே ஓட்ட வேண்டியவர் என்றால், எவ்வளவு ஆசை இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள் என்றே சொல்கிறேன். பிக்கப் காரைவிட அதிகம் குடிக்கும், அதனால் சார்ஜரில் காத்திருப்பதும் அதிகம்.

தச்சு வேலை, வெல்டிங், தோட்ட வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு, அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. வண்டியிலிருந்தே மின்சாரம் எடுக்கலாம். லைட்னிங்கில் 9.6 கிலோவாட் வரை தரும் வசதி வந்தது, பெரிய ரம்பம், கம்ப்ரசர் எல்லாம் ஓடும். ஜெனரேட்டரை ஏற்றி இறக்கும் வேலை மிச்சம், சத்தமும் புகையும் இல்லை. இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் 400 லிட்டர் பூட்டக்கூடிய பெட்டி. கருவிகளைத் தொட்டியில் திறந்து போட்டுவிட்டுத் திருட்டுப் பயத்தோடு சாப்பிடப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது எடை. "ரேஞ்ச் போதவில்லையா, பெரிய பேட்டரி போடு" என்ற வழியில் போனதன் விளைவு ஜிஎம்சி ஹம்மர் இவி. வண்டி 4.1 டன், அதில் பேட்டரி மட்டும் 1.3 டன், ஏறக்குறைய ஒரு முழு ஹோண்டா சிவிக் காரின் எடை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமண்டி 2023 ஜனவரியில் இந்த எடையைச் சுட்டிக்காட்டித்தான் சாலையில் மற்றவர்களின் பாதுகாப்பு பற்றிக் கவலை தெரிவித்தார். எனக்கும் அந்தக் கவலை உண்டு. சைக்கிளில் போகிறவர், நடந்து போகிறவர், சின்னக் காரில் போகிறவர் எல்லாரும் இதே சாலையில்தான் இருக்கிறார்கள். ஊருக்குள் ஓட்ட இவ்வளவு எடை யாருக்கும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

எடை உங்கள் பக்கமும் திரும்பும். பேட்டரி பெரிதானால் லோடு ஏற்றும் அளவு குறையும். லைட்னிங்கிலேயே சின்ன பேட்டரி வகை 1,000 கிலோவுக்கு மேல் தாங்கும் என்றிருக்க, ஏஏஏ சோதித்த வண்டி தாங்கக்கூடியது சுமார் 685 கிலோ. இதில் ஆட்களின் எடையும் சேர்த்தி. நான்கு பெரியவர்கள் ஏறினால் 300 கிலோ போயிற்று, மிச்சம் 385. டிரெய்லர் மாட்டினால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியில் இறங்கும், 3 டன் டிரெய்லருக்கு 300 முதல் 450 கிலோ. தொட்டியில் ஒரு பெட்டி கூட வைக்காமலேயே வண்டி வரம்பைத் தாண்டிவிடலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், உங்கள் வண்டியின் உண்மையான அளவு அதில்தான் இருக்கிறது. வாங்கும் முன் அதைப் படியுங்கள்.

டயரும் இந்தக் கணக்கில்தான் வரும். லைட்னிங் மாதிரி வண்டியின் மூன்று டன் எடை, மிதித்த உடனே வரும் முழு டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை), இரண்டும் சேர்ந்து டயரை வேகமாகத் தேய்க்கும். மாற்றும்போது லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) குறைந்த மலிவு டயரைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சூட்டில் லோடோடு வெடிக்கும். பிரேக் பேட் மட்டும் நீண்ட நாள் வரும். அப்புறம், பழுதுபார்க்கும் இடத்தில் இந்த எடையைத் தூக்கும் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். காருக்கான லிஃப்ட் எல்லாமே இதைத் தாங்காது.

குளிர் அதிகமான இடம் என்றால் இன்னொரு கழிவு உண்டு. ஏஏஏ 2019-இல் எலக்ட்ரிக் கார்களை உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போட்டுச் சோதித்தபோது சராசரியாக 41 சதவீதம் ரேஞ்ச் குறைந்தது. சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிட்டுக் கிளம்பினால் இழப்பு கொஞ்சம் குறையும்.

கம்பெனிகளும் இதையெல்லாம் உணர்ந்து பாதையை மாற்றுகின்றன. அமெரிக்க பிக்கப் கம்பெனியான ராம் 2025 செப்டம்பரில் தன் முழு எலக்ட்ரிக் பெரிய பிக்கப் திட்டத்தைக் கைவிட்டது. ஃபோர்டு அதே ஆண்டு டிசம்பரில் முழு எலக்ட்ரிக் லைட்னிங்கை நிறுத்துவதாகவும், அடுத்த தலைமுறை வண்டியில் பேட்டரியை நிரப்ப உள்ளேயே ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கும் என்றும் அறிவித்தது. அடிக்கடி நெடுந்தூரம் இழுக்கிறவர்களுக்கு இந்த வகைதான் சரிப்பட்டு வரும் என்று நினைக்கிறேன். இன்னொரு பக்கம் இசுசு டி-மேக்ஸ் இவி 66.9 யூனிட் பேட்டரியோடு ஒரு டன் லோடு தாங்குகிறது. ரேஞ்ச் 263 கிலோமீட்டர்தான், ஆனால் தினமும் ஒரே வட்டத்தில் சுற்றி மாலையில் ஒரே இடத்துக்குத் திரும்பும் வண்டிக்கு அது தாராளம். இப்படி அளவான பேட்டரி, நிறைய லோடு என்ற திசையில் வரும் வண்டிகள்தான் எனக்குப் பிடித்திருக்கின்றன.

முடிவெடுக்கும் முன் ஒரு மாதம், இப்போது வைத்திருக்கும் வண்டியின் ஓடோமீட்டரை இரவில் நிறுத்தியதும் குறித்து வையுங்கள், அன்று என்ன ஏற்றினீர்கள், எதை இழுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளோடு ஷோரூமுக்குப் போய், காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், உங்கள் டிரெய்லரையோ வழக்கமான லோடையோ வைத்து உங்கள் சாலையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால், அதே மாடலை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். பழைய வண்டி என்றால் இதோடு பேட்டரியின் ஆரோக்கிய அளவு எத்தனை சதவீதம் என்ற அறிக்கை, அடியில் பேட்டரிப் பெட்டியில் அடி வாங்கிய தடம், கொக்கியின் தேய்மானம், இந்த மூன்றையும் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.