பதிப்பு வேறு, அச்சு வேறு

அரிய புத்தகங்களைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் ‘முதல் பதிப்பின் இரண்டாம் மறுபதிப்பு’ என்று படித்தேன். இதற்கு முன்பும் பல இடங்களில் இதே தொடர் கண்ணில் பட்டிருக்கிறது. அது முதல் பதிப்பா, மறுபதிப்பா? மூலத்தில் ‘எடிஷன்’, ‘இம்ப்ரஷன்’ என்று இரண்டு தனிச் சொற்கள் இருந்திருக்கும். இரண்டையும் ‘பதிப்பு’ என்ற ஒரே சொல்லில் அடைத்ததால் வந்த குழப்பம் இது.

எடிஷன் என்பதன் லத்தீன் வேர் ‘வெளியே தருதல்’ என்று பொருள்படும். இம்ப்ரஷன் ‘அழுத்துதல்’ என்பதிலிருந்து வந்தது. புத்தக ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எளிது: ஒரே எழுத்துக்கோப்பிலிருந்து, அதாவது ஒரு தடவை அடுக்கிய அச்செழுத்துகளிலிருந்து, அச்சான பிரதிகள் எல்லாம் சேர்ந்து ஒரு எடிஷன், அதில் ஒரு தடவை இயந்திரத்தில் ஏற்றி எடுத்தவை ஒரு இம்ப்ரஷன். கையால் அச்சுக் கோத்த காலத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. ஈய எழுத்துகள் அடுத்த வேலைக்குத் தேவை என்பதால் அச்சானதும் கோப்பைக் கலைத்துவிடுவார்கள். கோப்பை அப்படியே தகடாக வார்த்து வைத்துக்கொள்ளும் முறை 19ஆம் நூற்றாண்டில் பரவிய பிறகு, ஒரே எடிஷனைப் பல தடவை அச்சிட்டுக்கொண்டே போக முடிந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? எடிஷனுக்குப் ‘பதிப்பு’தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதிப்பாசிரியர் என்ற சொல்லிலேயே ஏடுகளை ஒப்பிடுவது, வேறுபடும் வரிகளில் சரியான பாடத்தைத் தேர்வது, பிழை திருத்துவது எல்லாம் அடங்கியிருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டதைப் பதிப்பு என்கிறோம். அந்த உழைப்புக்கு அச்சு என்ற சொல் போதாது.

இம்ப்ரஷனுக்கு ‘அச்சு’. முதல் அச்சு, இரண்டாம் அச்சு, மறு அச்சு. ‘அச்சு அசல்’ என்கிறோம், ‘அச்சில் வார்த்தாற்போல’ என்கிறோம். மாறாமல் அப்படியே திரும்ப வருவதற்கு மொழியே வைத்திருக்கும் சொல் அது. மறு அச்சு என்பதும் அதுதானே: உள்ளே எதுவும் மாறவில்லை, பிரதிகள் தீர்ந்தன, திரும்ப அடித்தார்கள்.

‘மறுபதிப்பு’ என்று வழக்கத்தில் இருக்கிறதே, திருத்தம் இருந்தால் ‘திருத்திய பதிப்பு’ என்று சொல்லிக்கொள்ளலாமே என்பவர்கள் உண்டு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பல புத்தகங்களின் உள்பக்கத்தில் ‘மறுபதிப்பு’ என்று தனியாகப் போடுவதில்லை. ‘ஐந்தாம் பதிப்பு’ என்றுதான் போடுகிறார்கள். அதைப் பார்க்கும் வாசகர் ஆசிரியர் ஐந்து முறை திருத்தியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வதா, ஐந்து முறை விற்றுத் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்வதா? அச்சு என்றால் அச்சுத் தொழிலும் நினைவுக்கு வருமே என்பது இன்னொரு ஆட்சேபம். முன்னால் எண் நிற்கும்போது அந்த மயக்கம் வராது. ‘மறுவச்சு’ என்று புணர்த்தி எழுத வேண்டும் என்பாரும் இருக்கிறார்கள். கண் இடறும், பிரித்தே எழுதலாம்.

இது வெறும் சொல் பிடிவாதம் இல்லை. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பரில் 1,250 பிரதிகளாக வந்தது. 1872க்குள் ஆறு பதிப்புகள். ‘தகுதியானவை தப்பிப் பிழைக்கும்’ என்ற புகழ்பெற்ற தொடர் 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் முதன்முதலாக நுழைகிறது. இங்கே பதிப்பு மாறினால் நூலே மாறுகிறது. அதற்கு நேர்மாறாக, 1997இல் வந்த முதல் ஹாரி பாட்டர் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டி அட்டையில் முதல் அச்சு வெறும் 500 பிரதிகள். மாணவன் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு தடவை வந்துவிட்ட பிழையும், உள்பக்கத்தில் 10இலிருந்து 1 வரை இறங்கும் எண்வரிசையும் அதன் அடையாளங்கள். ஒவ்வொரு மறு அச்சுக்கும் கடைசி எண்ணை எடுத்துவிடுவார்கள்; மிஞ்சியிருப்பதில் எது சிறியதோ அதுவே அச்சின் எண். அடுத்தடுத்த அச்சுகளும் முதல் பதிப்புதான், ஆனால் சேகரிப்பவர் பெருந்தொகை கொடுப்பது முதல் அச்சுக்கு மட்டும். பழம்புத்தக வணிகர்கள் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்று சுருக்கமாகச் சொல்லும்போதும் முதல் பதிப்பின் முதல் அச்சையே குறிக்கிறார்கள். வெறுமனே ‘முதல் பதிப்பு’ என்று மொழிபெயர்த்தால் விலைக்கான காரணமே விட்டுப்போகும்.

அப்புறம், ஏலச் செய்திகளில் வரும் ‘முதல் பிரதி’. பிரதி என்றால் ஒரே ஒரு புத்தகம். ‘முதல் பிரதி ஏலம் போனது’ என்று எழுதினால், இயந்திரத்திலிருந்து முதலாவதாக வெளிவந்த புத்தகம் என்றுதான் அர்த்தம். அப்படி ஒன்றை அடையாளம் காண்பது பெரும்பாலும் முடியாத காரியம். ‘முதல் அச்சின் ஒரு பிரதி’ என்று எழுத இன்னும் இரண்டு சொல்தான் கூடுதலாக வேண்டும். அகராதியைப் பார்த்து ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வைத்துவிட்டு, வாக்கியம் என்ன சொல்கிறது என்று திரும்பப் படிக்காமல் அனுப்புவதால்தான் இவை அச்சேறுகின்றன. பதிப்பகங்களும் ‘முதல் பதிப்பு 2005, மூன்றாம் அச்சு 2011’ என்று போட ஆரம்பித்தால் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் முன்மாதிரி கிடைக்கும். சில பதிப்பகங்கள் ஏற்கெனவே அப்படித்தான் போடுகின்றன.