பைக்கில் சைக்கிள் ஏற்ற கேரியர்: பைப் கெட்டியாக இருந்தால் போதுமா?

சைக்கிளை பைக்கில் கொண்டுபோக ஒரு கேரியர் அடித்துத் தரச் சொல்லி எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். "பைப் நல்லா கெட்டியா போட்டுக் குடுங்கண்ணா, ஆடாம நிக்கோணும்." ஞாயிறு காலை சைக்கிளோடு மேட்டுப்பாளையம் போய் அங்கிருந்து கோத்தகிரி ஏற நினைக்கும் இளைஞர்கள் இருப்பார்கள். மகனின் சைக்கிளை ஹாஸ்டலில் விட்டுவரப் போகும் அப்பாவும் இருப்பார். பலர் யூடியூபில் பார்த்த படத்தை போனில் காட்டுவார்கள். கோவையில் வெல்டிங் பட்டறை நடத்துபவனாக நான் பார்த்தவரை, இந்தக் கேரியர்கள் பைப் மெலிந்ததால் உடைவது அபூர்வம். எடை எங்கே உட்காருகிறது, வண்டியில் எதைப் பிடித்து நிற்கிறது என்ற இரண்டு விஷயங்களில்தான் கோளாறு வருகிறது.

முதலில் எடை. சாதாரண கியர் சைக்கிள் 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு இஞ்ச் சதுர பைப், 2 மி.மீ. கனத்தில், மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. ஐந்தரை மீட்டர் பைப் போனாலே கேரியர் மட்டும் 8 கிலோ. ஆக மொத்தம் 24 கிலோ. இதைப் பின் சக்கர அச்சுக்கு 45 செ.மீ. பின்னால் தொங்கவிட்டால் என்ன ஆகும்? ஸ்ப்ளெண்டர் ரக வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே சுமார் 124 செ.மீ. கடப்பாரை போட்டு நெம்புவது போலத்தான் கணக்கு: பின் சக்கரத்தில் 24 கிலோ ஏறாது, கிட்டத்தட்ட 33 கிலோ ஏறும். கூடுதலாக வந்த 9 கிலோ முன் சக்கரத்திலிருந்து கழிந்தது. நேர் ரோட்டில் ஹேண்டில் கொஞ்சம் லேசானது போல இருக்கும், அவ்வளவுதான். கோத்தகிரி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில், முதல் கியரில், மேல்நோக்கித் திருப்பும்போது அந்த 9 கிலோ இல்லாதது நன்றாகவே தெரியும். கெட்டியான பைப் போடப் போட இந்த நெம்பல் கூடத்தான் செய்யும். அதனால் நான் முக்கால் இஞ்ச், 16 கேஜ் (சுமார் 1.6 மி.மீ. கனம்) பைப்புக்கு மேல் போவதில்லை. மீட்டருக்கு ஒரு கிலோகூட வராது.

சைக்கிளைக் குறுக்காகக் கட்டும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. முழு சைக்கிள் 170 செ.மீ. நீளம். பைக்கின் ஹேண்டில்பார் அகலம் 75 செ.மீ. அளவில்தான். ஓட்டுபவர் இடைவெளியை அளப்பது தன் ஹேண்டில்பாரை வைத்து. முன்னால் நுழைந்துவிட்டது, பின்னால் இரண்டு பக்கமும் அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. எதிரே வருகிற ஸ்கூட்டர்காரருக்கோ அது கடைசி நொடியில்தான் தெரியும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து சைக்கிளை ஒரு கையால் பிடித்து உருட்டிக்கொண்டே வருவதும் நம் ஊரில் சாதாரணம். அதைவிட மோசமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, வீட்டிலேயே கேரியர் செய்கிறவர்கள் அநேகமாகக் கவனிக்காத ஒன்று. பைக்கில் ஒரு பகுதி சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மறுபகுதி ஷாக் அப்சார்பருக்கு மேலே உட்கார்ந்திருக்கும். கேரியரின் மேல்காலை சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிராப் ரெயில் போல்ட்டிலும், கீழ்க்காலை பின் அச்சு நட்டிலோ, பின் சக்கரத்தைப் பிடித்து அதோடு ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மிலோ மாட்டினால், இந்த இரண்டு பகுதியையும் ஒரு கம்பியால் கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஸ்பீடு பிரேக்கரில் ஷாக் அழுந்த இடமில்லை. ஒன்று கேரியர் வளையும், அல்லது போல்ட் அறுபடும். கேரியர் உண்மையிலேயே கெட்டியாக இருந்தால் ஷாக் வேலையே செய்யாமல் பின் சக்கரம் துள்ளும். சில வண்டிகளில் பின் ஃபுட்ரெஸ்ட்கூட ஸ்விங் ஆர்மில்தான் இருக்கிறது, பார்த்தால் தெரியாது. வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒருவரைச் சீட்டில் உட்கார்ந்து குதிக்கச் சொல்லுங்கள். சீட்டோடு சேர்ந்து இறங்கும் இடத்தில் மட்டும் மாட்டலாம். இறங்காமல் சக்கரத்தோடே நிற்கும் இடத்தைத் தொடக் கூடாது.

சாரி கார்டில் மாட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது. அது சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்க வைத்த கம்பி. சுமை தாங்க வைத்ததல்ல.

சேஸில் நேராக வெல்டிங் வைக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். அதற்குக் காரணங்கள் உண்டு. சேஸின் பின்பக்கக் குழாய் மெல்லியது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் இரும்பின் தன்மை மாறிவிடும். அதன் பிறகு சிங்கிள் சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு அங்கேயே வேலை செய்யும். விரிசல் வெல்டிங் மணியில் (உருகி உறைந்த பற்றுக் கோட்டில்) விழாது, மணியின் ஓரத்தை ஒட்டி விழும். முடி போன்ற கோடு, அதிலிருந்து கசியும் துருநிறம், இதுதான் அடையாளம். பெயின்ட் அடித்திருந்தால் அதுவும் சீக்கிரம் கண்ணில் படாது.

இப்போதைய வண்டிகளில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு சாதாரண 100 சிசி வண்டியிலும் பெட்ரோலை அளந்து விடுவது ஈசியூ என்ற கம்ப்யூட்டர்தான். பேட்டரியைக் கழற்றாமல் சேஸில் ஆர்க் அடித்தால் அது போக வாய்ப்பு உண்டு. எர்த் கிளாம்பை முன்பக்கம் எங்கோ மாட்டிவிட்டுப் பின்னால் வெல்டிங் வைத்தால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் உருண்டைகளில் குழி போடும். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வெல்டிங் எல்லாம் கேரியரில் மட்டும், அதுவும் வண்டியிலிருந்து இறக்கி வைத்து. வண்டியோடு சேர்வது போல்ட்டால்: தலையில் 8.8 என்று உறுதித் தரம் எழுதிய 8 மி.மீ. போல்ட், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் அதிர்வில் கழலாத நைலாக் நட். பெட்டிக்கடை போல்ட் வேண்டாம்.

நான் செய்துகொடுக்கும் அமைப்பு இதுதான். சைக்கிள் பைக்கின் இடது பக்கத்தில், பைக் போகும் திசையிலேயே நீளவாக்கில் நிற்கும். சைலன்சர் பெரும்பாலான வண்டிகளில் வலப்பக்கம் என்பதால் டயர் கருகாது. நம்மை முந்துகிற வண்டிகளும் வலப்பக்கம்தான் வரும். சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றிவிடுவோம். பழைய சைக்கிளின் முன் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) ஒன்றைக் கேரியரின் முன்முனையில் பற்றவைத்து அதில் ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையை, முடுக்கினால் முன்பக்கம் அசையாது. கழற்றிய சக்கரத்தை ஃபிரேமோடு கட்டிவிடலாம். முன் சக்கரம் இல்லாத சைக்கிள் 140 செ.மீ.க்குள் அடங்கும். ஃபோர்க்கைப் பின் அச்சுக்கு ஒரு முழம் முன்னே தள்ளி மாட்டினால் எடையில் பெரும்பங்கு அச்சை ஒட்டியே விழும். பின் சக்கரம் ஒரு தகரப் பள்ளத்தில் உட்காரும். ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம் போல்ட்டைத் தளர்த்திச் சைக்கிளோடு ஒட்டித் திருப்பிக்கொள்ளுங்கள். வலது பெடல் பைக்கின் பக்கம் வரும், அதையும் கழற்றிவிடுங்கள். இடப்பக்கம் பாரம் இருப்பதால் சைடு ஸ்டாண்டை நம்பாதீர்கள். சென்டர் ஸ்டாண்ட்தான்.

கட்டுவதற்குப் பழைய டியூபை வெட்டி வைத்திருப்போம். டியூப் நல்லதுதான், ஆனால் அது இழுபடும். குலுக்கலில் கட்டு தளரும். முக்கியமான பிடிக்கு நெம்பி இறுக்கும் பூட்டுள்ள, இழுபடாத ராட்செட் ஸ்ட்ராப் (நாடா), ஆட்டத்தை அடக்க டியூப் என்று இரண்டும் வேண்டும். கார்பன் ஃபிரேமாக இருந்தால் குழாயை எங்கும் இறுக்கக் கூடாது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் போகிறவர்கள் சைக்கிளின் பின் சக்கரத்தையும் பெடல் மாட்டும் கிராங்கையும்கூடக் கட்டிவிடுங்கள்.

பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம். இந்த ரக வண்டிகளுக்கு கம்பெனி சொல்லும் மொத்தச் சுமையே 130 கிலோ அளவில்தான். இரண்டு பேரோடு அது முடிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020-ல் வந்த விதி, பைக்கில் வைக்கும் பெட்டிக்கே 550 மி.மீ. நீளம், 510 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம், 30 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. சைக்கிள் அந்த அளவுக்குள் எங்கே அடங்கப் போகிறது? போல்ட் போட்டு மாட்டியது, கழற்றிவிடலாம் என்று நீங்கள் சொல்லலாம். நிறுத்தும் அதிகாரி ஒத்துக்கொள்வார் என்று நான் உறுதி தர முடியாது. நம்பர் பிளேட்டும் டெயில் லைட்டும் இன்டிகேட்டரும் மறைந்தால் பேச்சுக்கே இடமில்லை. வேலை முடிந்ததும் கேரியரைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

புதிதாக மாட்டியவர்கள் முதலில் சைக்கிள் இல்லாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் மறுபடி முடுக்குங்கள். பிறகு சைக்கிளோடு நாற்பதுக்கு மேல் போகாமல் பக்கத்திலேயே ஒரு சுற்று. இருபது கிலோவைத் தாண்டும் பழைய கம்பி சைக்கிளைக் கொண்டுவந்தால் நான் கேரியர் செய்வதே இல்லை. டாடா ஏஸ்காரர் நம்பரைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.