மண்பாண்டம் செய்றவங்களுக்கு கண்மாய் மண் இலவசம்: எப்படி வாங்குறது?

குயவர்களுக்கு லோன் தர்றாங்க, மானியம் தர்றாங்கன்னு வாட்சப்ல ஃபார்வேர்ட் வந்துக்கிட்டே இருக்கு, ஆனா சக்கரத்துல வைக்க முதல்ல மண்ணு வேணுமே, அந்த மண்ணை காசில்லாம எடுக்குற உரிமையைப் பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல. அதான் இத எழுதுறேன்.

மண்ணு, மணல், கல்லு மாதிரி சிறுகனிமங்கள எடுக்குறதுக்கான தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959ல இருந்து இருக்கு. அதுல விதி 12(2) படி ஏரி, குளம், கண்மாய்ல இருக்குற வண்டல், களிமண்ண விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் இலவசமா எடுத்துக்கலாம். முன்னாடி இதுக்கு கலெக்டர் வரைக்கும் ஃபைல் போகணும், நம்மாளுங்க பாதிலயே விட்டுட்டு விலைக்கு ஒரு லோடு வாங்கிருவாங்க. 2024ல விதிய மாத்தி தாசில்தாரே அனுமதி தரலாம்னு ஆக்கிட்டாங்க, நீங்க இருக்குற தாலுகாவுக்குள்ள இருக்குற கண்மாயா இருந்தா போதும்.

அளவு எவ்வளவுன்னா, மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர். நம்ம ஊர் கணக்குல 100 கன அடி ஒரு யூனிட், அப்படிப் பாத்தா 21 யூனிட் கிட்ட வருது. சின்னதா சூளை போடுற குடும்பத்துக்கு இது தாராளம்.

இ-சேவை வெப்சைட்லயே அப்ளை பண்ணலாம், தெரியலன்னா பக்கத்து இ-சேவை மையத்துல ஆதாரோட போங்க, மண்பாண்டத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க, 'இவர் குயவரா இல்ல வேற எதுக்காவது மண்ணு கேக்குறாரா'ன்ற கேள்விக்கு அதுவே பதில். இன்னொண்ணு, எந்தக் கண்மாய்ல வேணாலும் எடுத்துற முடியாது, மாவட்ட அரசிதழ்ல அறிவிச்ச லிஸ்ட்ல அது இருக்கணும், அத வி.ஏ.ஓ கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க. அனுமதில எழுதியிருக்குற அளவுக்கு மேல அள்ளுனாலோ, வாங்குன மண்ண செங்கல் சூளைக்கு வித்தாலோ கேஸ்தான், டிராக்டரும் போயிரும்.

எப்ப அப்ளை பண்றதுன்றது ரொம்ப முக்கியம். ஐப்பசில மழை புடிச்சு கண்மாய் நிறைஞ்சுருச்சுன்னா அனுமதி கைல இருந்தும் பிரயோஜனமில்ல, தண்ணி வத்துற பங்குனி சித்திரைலயே பேப்பர் வேலைய முடிச்சு மண்ண வீட்டுல கொட்டி வச்சுரணும்.

மண்ணு என்ன, எங்க எடுத்தா என்னன்னு கேக்குறவங்க மானாமதுரைக்குப் போய்ப் பாக்கணும். கச்சேரில தாளத்துக்கு வாசிக்கிற கடம் செய்ற ஊரு. அங்க ஒரே கண்மாய் மண்ண வச்சு வேலை நடக்காது, பல கண்மாய் மண்ண நைசான மணலோட கலந்து மிதிச்சு, சக்கரத்துல வனைஞ்சு, அப்புறம் உள்ள ஒரு கல்லைக் குடுத்து வெளிய பலகையால தட்டிக்கிட்டே இருப்பாங்க, சுத்திலும் கனம் ஒரே மாதிரி வந்தாதான் எங்க தட்டினாலும் சுருதி நிக்கும். சென்னை கடத்தவிட மானாமதுரை கடம் கனமா இருக்கும், தட்டினா உலோகச் சத்தம் மாதிரி கணீர்னு வரும். 2023ல மானாமதுரை மண்பாண்டத்துக்கு புவிசார் குறியீடு கிடைச்சுது, ரொம்ப சந்தோஷம், ஆனா அந்தக் குறியீடு பேரைத்தான் காப்பாத்தும், மண்ணுக்கு நான் மேல சொன்ன அதே தாசில்தார் ஆபீஸுக்குத்தான் நீங்க போகணும்.

இந்த இலவச மண்ணு தமிழ்நாட்டு விதி. வில்லியனூர் சுடுமண் வேலைக்காரங்க, அதாங்க 2020ல பத்மஸ்ரீ வாங்குன சுடுமண் கலைஞர் முனுசாமியோட ஊரு, புதுச்சேரில வர்றதால அவங்களுக்கு இது செல்லாது.

சரி, லோனுக்கு வருவோம். மத்திய அரசு 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச பிஎம் விஸ்வகர்மால 18 தொழில், குயவரும் உண்டு, 5% வட்டில முதல்ல 1 லட்சம், அப்புறம் 2 லட்சம், கருவி வாங்க 15,000 ரூபாய் வவுச்சர். அது குலத்தொழில்லயே புள்ளைங்கள உக்கார வைக்கும்னு சொல்லி தமிழ்நாடு அரசு அப்படியே ஏத்துக்கல, அதுக்குப் பதிலா 2025 ஏப்ரல்ல கலைஞர் கைவினைத் திட்டம் வந்துச்சு. 25 தொழில், மண்பாண்டமும் சுடுமண் வேலையும் இருக்கு, எந்த ஜாதியா இருந்தாலும் சரி, 35 வயசு ஆகியிருக்கணும். 3 லட்சம் வரைக்கும் கடன், அதுல 25% மானியம் ஆனா 50,000க்கு மேல போகாது, வட்டிலயும் 5% வரைக்கும் அரசு ஏத்துக்கும். மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க. கரண்ட் சக்கரம், மண்ணு அரைக்கிற மெஷின் வாங்க நெனைக்கிறவங்களுக்கு நல்ல திட்டம்தான், 2 லட்சம் எடுத்தாலே 50,000 மானியம் முழுசா வந்துரும், அதனால மானியத்துக்காக 3 லட்சம் இழுக்காதீங்க, மிச்சம் எல்லாம் நீங்க கட்ட வேண்டிய காசு.

பானைக்கும் அகல் விளக்குக்கும் ஜிஎஸ்டி கிடையாது, யாராவது பில்லுல போட்டா கேளுங்க.