தரையைத் தானே செய்துகொள்ளும் செல்

"அம்மாவுக்கு ஓவரி கேன்சர். ஆபரேஷனில் திறந்து பார்த்தபோது குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை முழுக்க அரிசி தூவியது போல இருந்ததாம். நுரையீரல், மூளை எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அதெப்படி அங்கே மட்டும் பரவியது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். குலதெய்வக் குறை என்று உறவுக்காரர்கள் பேசுவதாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பேச்சில் துளியும் உண்மை இல்லை. நோயாளியையே குற்றவாளி ஆக்கும் இந்தப் பழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நடந்ததற்குக் காரணம் செல்லுக்குள் இருக்கிறது.

பல புற்றுநோய்கள் ரத்தத்திலோ நிணநீரிலோ ஏறித்தான் தூரம் போகின்றன. ஓவரி கேன்சருக்கு இன்னும் எளிய வழி உண்டு. குடலும் மற்ற உறுப்புகளும் உரசிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்ல வயிற்றறைக்குள் எப்போதும் கொஞ்சம் திரவம் இருக்கும். நாம் மூச்சு விடும்போதும் குடல் அசையும்போதும் அது மெல்லச் சுற்றிவரும். புற்றுச்செல் உதிர்ந்து அதில் விழுந்தால் போதும்.

எங்கிருந்து உதிர்கிறது? ஓவரி கேன்சரில் அதிகம் வரும் வகை, பெரும்பாலும் ஓவரியில் தொடங்குவதே இல்லை. ஓவரியிலிருந்து கருப்பைக்கு முட்டை போகும் வழியான சினைக்குழாயின் நுனியில் முந்தானைக் குஞ்சம் போல விரல் விரலாகத் தொங்கும் பகுதி ஒன்று உண்டு. முட்டையை வாரி எடுப்பது அதன் வேலை. பரம்பரை ஆபத்துள்ள பெண்களுக்கு முன்னெச்சரிக்கையாக அகற்றிய குழாய்களில் கோளாறான செல்கள் இருப்பதை 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அப்புறம் அந்தக் குஞ்சத்தை மெல்லிய துண்டுகளாக நறுக்கி மைக்ராஸ்கோப்பில் தேட ஆரம்பித்தபோது, நோயின் தொடக்கப் புள்ளிகள் அங்கேயே கிடைத்தன.

ஆனால் உதிர்ந்த செல் பிழைக்கக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குழாயின் உள்சுவர்ச் செல் ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய புரதத் தரையைக் கால் போன்ற மூலக்கூறுகளால் பற்றிக்கொண்டு நிற்கிறது. பிடி இருக்கும்வரை, 'இரு, இரு' என்ற சமிக்ஞை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பிடி விட்டால் சமிக்ஞை நிற்கும். செல் தன் டிஎன்ஏவைத் தானே நறுக்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, அக்கம்பக்கத்துச் செல்களுக்கு இரையாகிவிடும். இதற்கு 1994இல் 'அனாய்கிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் வீடற்ற நிலை என்று பொருள். தன் இடத்தை இழந்த செல் வேறு இடத்தில் குடியேறாமல் இருக்க உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது.

செல்லைச் சாவை நோக்கித் தள்ளும் முக்கியமான புரதங்களில் ஒன்று பி53. அதைத் தயாரிக்கும் டிபி53, கட்டியை அடக்கும் மரபணு. 2011இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஓவரி கேன்சரில் அதிகம் வரும் அந்த வகைக் கட்டிகள் 316ஐ எடுத்து மரபணுக்களைப் படித்தார்கள். 303 கட்டிகளில், அதாவது 96 சதவீதத்தில், டிபி53 கெட்டுப்போயிருந்தது. வேறெந்த மரபணுவும் அந்தக் கட்டிகளில் இவ்வளவு பரவலாகக் கெட்டிருக்கவில்லை.

கெட்டுப்போன பி53 சும்மா கிடப்பதும் இல்லை. சினைக்குழாய்ச் செல்களுக்குள் அதைப் புகுத்தி, பிடித்து நிற்க எதுவும் இல்லாத திரவத்தில் மிதக்கவிட்டு 2016இல் ஆய்வகத்தில் பார்த்தார்கள். செல்கள் சாகவில்லை. ஃபைப்ரோனெக்டின் என்ற பசைப் புரதத்தைத் தாங்களே சுரந்து, அதைப் பற்றிக்கொண்டு கொத்துக் கொத்தாக மிதந்தன. வீடிழந்த செல் தரையைத் தானே செய்து கையோடு எடுத்துப் போகிறது! இப்படிப்பட்ட கொத்து வயிற்றறைச் சுவரில் ஒட்டினால், அந்தச் சுவரை மூடியிருக்கும் செல்களை இழுத்து விலக்கி இடம் பிடிக்கும். கொழுப்புத் திரையில் இறங்கினாலோ சாப்பாடும் தயார். அங்குள்ள கொழுப்புச் செல்களிலிருந்து கொழுப்பு அமிலத்தை வாங்கி எரித்து அது வளர்வதை 2011இல் சிகாகோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். அம்மாவின் வயிற்றில் தெரிந்த அரிசிமணிகள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

முன்னே சொன்ன பரம்பரை ஆபத்து பெரும்பாலும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களின் பழுதால் வருவது. இவையும் கட்டியை அடக்குபவையே. அறுந்த டிஎன்ஏவைப் பிழையில்லாமல் ஒட்டுவது அவற்றின் வேலை. அவை பழுதானால் தவறுகள் குவியும். பி53உம் இல்லையென்றால் அந்தத் தவறுகளோடு செல் வாழும்.

2017இல் வந்த ஓர் ஆய்வு, குழாய் நுனியில் உள்ள தொடக்கப் புள்ளி ஓவரி கேன்சராக மாறச் சுமார் ஆறரை ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டது. அதன்பின் பரவல் வேகமாக நடந்துவிடுகிறது. அந்த ஆறரை ஆண்டுக்குள் நோயைப் பிடிக்கும் நம்பகமான பரிசோதனை இன்னும் இல்லை. ஆராய்ச்சிப் பணம் முதலில் இங்கேதான் போக வேண்டும் என்பேன். பிஆர்சிஏ மரபணுக்களில் பழுது உண்டா என்று பார்க்கும் பரிசோதனை எல்லா அரசு மருத்துவமனையிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்வேன்.

சகோதரி, அம்மாவுக்கு அந்த பிஆர்சிஏ பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழுது இருந்தால் அது உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுக்கும் அதே பாதி. இது ஆண்கள் வழியாகவும் பேத்திகளுக்கு இறங்கும் என்பதால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.