உண்ணி கடிக்காத உண்ணிக் காய்ச்சல்

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் எங்கள் பக்கத்தில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவார்கள். உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது, எச்சரிக்கையாக இருங்கள் என்று அறிவிப்பு. கூடவே ஒரு துண்டறிக்கை. அதில் ரத்தம் குடித்து உப்பிப்போய் நாயின் காதில் தொங்கும் உண்ணியின் படம். அவர்கள் சொல்ல வந்த நோய் ஸ்க்ரப் டைபஸ். படத்தில் இருக்கும் உண்ணி அதைப் பரப்புவதில்லை. நாளிதழ், தொலைக்காட்சி, மருத்துவக் கட்டுரை என்று எல்லா இடத்திலும் இதே பெயரைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

உண்ணி என்பது ‘உண்’ என்ற வினையடியோடு இகரம் சேர்ந்து வந்த சொல். உண்பது உண்ணி. கன்னடத்தில் உணுகு என்பார்கள். மாடுகளோடு திரியும் வெள்ளைக் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்று பெயர் வைத்ததும் இதை வைத்துத்தான். டைபஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் புகை என்று பொருள். காய்ச்சல் வேகத்தில் நினைவு புகைபோல மங்கிவிடுவதால் வந்த பெயர். ஸ்க்ரப் என்றால் புதர் மண்டிய நிலம். வேர் விளக்கம் இவ்வளவு போதும்.

இந்த நோயைத் தருவது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா. அதை நம் உடம்பில் ஏற்றுவது லெப்டோட்ரோம்பிடியம் என்ற மிகச் சிறிய உயிரி, அதுவும் அதன் ஆறுகால் குஞ்சுப் பருவம் மட்டும். கால் மில்லிமீட்டர் கூட இருக்காது. வளர்ந்தது மண்ணிலேயே கிடக்கும், மனிதரைத் தொடாது. குஞ்சு புல்நுனியில் காத்திருந்து, போகிற எலி மேலோ ஆள் மேலோ தொற்றிக்கொள்ளும். அது உறிஞ்சுவதும் ரத்தத்தை இல்லை, தோலடித் திசு நீரை. கடித்த இடத்தில் பலருக்கு பீடியால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு வரும். வலிக்காது, அரிக்காது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் மறைந்திருப்பதால் நோயாளிக்கே தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தைக்கு எட்டு நாள் காய்ச்சல். டைபாய்டு என்று ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மருத்துவர், “உண்ணி ஏதாவது கடிச்சுதாம்மா?” என்று கேட்டார். “எங்க வீட்டுல ஆடு, மாடு, நாய் எதுவும் இல்லீங்களே” என்றார் அத்தை. அவரும் அதோடு விட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் வேறொரு மருத்துவர் கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் இருந்த பொருக்கைப் பார்த்தார். டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அத்தை பொய் சொல்லவில்லை. கேட்ட சொல்லுக்குச் சரியான பதில்தான் சொன்னார். தினமும் வரப்போரம் உட்கார்ந்து கீரை பறித்தது பற்றி யாரும் கேட்கவில்லை.

இதைச் சொன்னால் ஒரு பதில் வரும். விலங்கியலில் உண்ணியும் இந்தச் சின்ன உயிரியும் ஒரே கூட்டம்தானே, ஒட்டி உண்பதெல்லாம் உண்ணிதானே, ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று. ஒரே கூட்டம் என்பது சரி. ஆனால் நோய்ப் பெயர் விலங்கியல் வகுப்புக்காக வைப்பதில்லை, காய்ச்சலில் கிடப்பவருக்கும் அவரைப் பார்ப்பவருக்கும் புரிவதற்காக வைப்பது. அதோடு, உண்மையிலேயே உண்ணி கடித்து வரும் காய்ச்சல்கள் வேறு இருக்கின்றன. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, பின்னாலேயே மனிதர்களுக்கும் கடுங்காய்ச்சல் வந்தது. அதைப் பரப்பியது அசல் உண்ணி, காரணம் ஒரு வைரஸ். பிறகு வயநாட்டிலும் நீலகிரிப் பக்கத்திலும் அது தென்பட்டது. ஸ்க்ரப் டைபஸ் மலிவான மாத்திரைக்குக் கட்டுப்படும். கியாசனூர் காய்ச்சலுக்குத் தனி மருந்தே கிடையாது. முன்னது மழைக்குப் பின் கூடும், பின்னது மார்கழி தொடங்கிக் கோடைவரை. உண்ணிக் காய்ச்சல் என்ற பெயரை முன்னதற்குக் கொடுத்துவிட்டோம். பின்னதற்குக் குரங்குக் காய்ச்சல் என்று பெயர் வைத்து, இப்போது குரங்கம்மை வந்ததும் இரண்டையும் போட்டுக் குழப்புகிறோம். மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத் தலைப்பைப் பார்த்தவுடன் கைக்கு வந்த சொல்லை வைப்பதன் விளைவு இது. கடிப்பது எது, எங்கே கடிக்கிறது என்று ஒரு நிமிடம் விசாரித்திருக்கலாம்.

மாற்றுப் பெயர்களையும் பார்த்துவிடுவோம். ஒட்டுண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படியானால் மலேரியாவும் அதில் அடங்கிவிடும். தெள்ளுக் காய்ச்சல் என்றால் தெள்ளுப்பூச்சியால் வரும் இன்னொரு டைபஸுக்குப் பெயர் இல்லாமல் போகும். மலையாளத்தில் செள்ளுப்பனி என்கிறார்கள், அவர்கள் வழக்குக்கு அது சரி. செள்ளு என்ற சொல் நம் ஊர்களில் இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. புதர்ச் சன்னி என்பதில் எனக்கு ஆசை உண்டு, காய்ச்சலில் நினைவு தடுமாறுவதுதான் சன்னி, டைபஸின் புகைமூட்டம் அப்படியே சன்னியில் இருக்கிறது. ஆனால் இன்று ஜன்னி என்றால் வலிப்பு என்றுதான் பலர் எடுத்துக்கொள்வார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். சிற்றுண்ணிக் காய்ச்சல்தான் துல்லியமானது. அந்த உயிரிக்கு சிற்றுண்ணி என்பதே என் தேர்வும். ஆனால் அதை ஒலிபெருக்கியில் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் காதில் சிற்றுண்டி என்று விழும், ஏதோ சாப்பாட்டால் வருவது என்று போய்விடுவார்கள்.

ஆகவே புதர்க் காய்ச்சல். மூலப் பெயரில் இருப்பதும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத பூச்சியைச் சொல்வதைவிட, கண்ணுக்குத் தெரியும் இடத்தைச் சொன்னால் கேட்பவர் எங்கே உட்காரக் கூடாது, எங்கே துணி காயப்போடக் கூடாது என்று தானே யோசிப்பார். நகரத்திலும் வருகிறதே, அங்கே புதர் ஏது என்று ஒரு நண்பர் கேட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்குச் செடி முளைத்துக் கிடக்கும் காலி மனைக்கு வேறு என்ன பெயர்?

இந்தச் சொல் பிடிக்காவிட்டால் ஸ்க்ரப் டைபஸ் என்றே எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை. தூய தமிழில் தவறாகச் சொல்வதைவிடக் கடன்சொல்லில் சரியாகச் சொல்வது மேல். அடுத்த மழைக்கு முன் துண்டறிக்கையில் அந்த நாய்க்காதுப் படத்தை மட்டுமாவது எடுத்துவிட்டு, அக்குளில் இருக்கும் கரும்பொருக்கின் படத்தைப் போடுங்கள்.