டபுள் பாஸ்: கை வலித்தால் முதலில் கருவியை அளந்து பாருங்கள்

வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய கருவியான டபுள் பாஸ் வாசிப்பவர் இடது கட்டைவிரலின் அடிச்சதை வலிக்கிறது என்றால், "போகப் போகப் பழகிடும்" என்பார்கள். பழகாது. வலியோடு சாதகம் செய்தால் தசைநாண் வீங்கி, மாதக்கணக்கில் வாசிக்க முடியாமல் போகலாம்.

பெரியவர்கள் வாசிக்கும் முக்கால் அளவுக் கருவியிலேயே தந்தி ஏறக்குறைய 105 செ.மீ. நீளம். முதல் பொசிஷனில் (தந்தியில் கை நிற்கும் இடம்) சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே 10 செ.மீ. விரிய வேண்டும், வயலினில் அதே சுர இடைவெளிக்கு 3 செ.மீ. சொச்சம்தான். அதனால்தான் வியன்னாவில் வாசித்த ஃபிரான்ஸ் சிமாண்டலின் முறையில், கீழ்ப் பொசிஷன்களில் மோதிரவிரல் தனியாகச் சுரம் பிடிப்பதில்லை. சுண்டுவிரலுக்குத் துணை நிற்கிறது. அழுத்தம் தோளிலிருந்து, கையின் எடையாக வரவேண்டும். கட்டைவிரலை எடுத்துவிட்டு ஒரு ஸ்கேல் வாசித்துப் பாருங்கள். சுரம் கரகரத்தால், இத்தனை நாளும் இடுக்கிப் பிடித்திருக்கிறீர்கள்.

கையை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஃபிங்கர்போர்டின் (தந்தியை விரலால் அழுத்தும் நீளப் பலகை) நுனியில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளவுகோல் வைத்து அளங்கள். மெல்லிய ஜி தந்தி 6 மி.மீ., தடித்த ஈ தந்தி 10 மி.மீ. அளவில் இருந்தால் ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தாராளம். அதற்கு மேல் ஏறினால் ஒவ்வொரு சுரமும் தண்டனைதான். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் திருகுச் சக்கரம் இருந்தால் இறக்குவது சுலபம். இல்லையென்றால் லூத்தியரிடம் (தந்திக் கருவி செய்து பழுதுபார்ப்பவர்) கொண்டுபோங்கள், நீங்களே சீவாதீர்கள். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் உள்ளே பிரிட்ஜுக்கு அருகில் நிற்கும் சின்ன மரக்குச்சியான சவுண்ட்போஸ்ட் சாய்ந்துவிடலாம்.

கை கெடுவது பெரும்பாலும் ஆடிஷன் காலத்தில், அதாவது ஆர்க்கெஸ்ட்ரா வேலைக்கான தேர்வு நேரத்தில். ஜெர்மனியில் முதல் சுற்றுக்கு டிட்டர்ஸ்டார்ஃப் அல்லது வான்ஹால் கான்செர்ட்டோ, வழக்கமாக எல்லாத் தந்தியையும் ஒரு முழுச்சுரம் கூட்டிய சோலோ ட்யூனிங்கில். சாதாரணத் தந்தியையே அப்படி முறுக்கினால் இழுவிசை கால்பங்கு கூடிவிடும். அந்தச் சுருதிக்கென்றே செய்த சோலோ தந்திதான் போடவேண்டும். இவ்வளவு பாடுபட்டும், வேலை கிடைப்பதும் போவதும் அனேகமாக ஆர்க்கெஸ்ட்ராப் பகுதிகளில்தான்: பேத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியின் நடுவே வரும் ட்ரியோ என்ற துண்டு, மோட்சார்ட்டின் 40ஆம் சிம்பொனி, ஸ்ட்ராஸின் 'ஐன் ஹெல்டன்லேபன்'. அந்த ட்ரியோவை முழு வேகத்தில் திரும்பத் திரும்ப அடிப்பதுதான் கையைக் கெடுக்கிறது. பாதி வேகத்தில் சுரசுத்தம் பார்த்து, முழு வேகத்தில் நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும். 25 நிமிடத்துக்கு ஒருமுறை கருவியைக் கீழே வையுங்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் அது சதைவலி அல்ல. முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கலாம். தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். எந்தக் கோணத்தில் கை மடங்குகிறது என்று காட்ட, வாசிக்கும் வீடியோ ஒன்றையும் எடுத்துப்போங்கள்.